பத்திரிகையின் பொறுப்பு யாருக்கு?

பத்திரிகைக்குச் சுதந்திரமே உயிர் என்று ஒரு சாராரும், சுதந்திரத்தைவிடப் பொறுப்பே பெரிது என்று மற்றொரு சாராரும் வழக்காடி வருவது நெடுநாளாக நடப்பதொன்று. இரு சாராரும் ஒரு கேள்வியை மட்டும் கேளாமலே விட்டுவிடுகின்றனர். பொறுப்பு என்றால் யாருக்குப் பொறுப்பு? ஆள்வோருக்கா, பணம் போட்ட முதலாளிக்கா, காசு கொடுத்து வாங்கிப் படிக்கும் வாசகனுக்கா, அல்லது படிக்கவும் இயலாமல் செய்தியில் மட்டும் அகப்பட்டுக்கொள்ளும் ஏழைக்கா?

நாம் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணி. ஆங்கிலப் பள்ளியில் பயின்றமையால் ஆங்கில ஏடுகளைப் படிக்கும் பழக்கமும், தமிழ்ப் பெற்றோரிடம் வளர்ந்தமையால் தமிழ் ஏட்டைத் தேடும் பழக்கமும் நமக்குண்டு. பாலத்தைக் கடந்து சிங்கப்பூர்த் தேக்காவுக்குச் செல்லும்போதெல்லாம் சிராங்கூன் சாலையின் அஞ்சடியில் ஒரு தமிழ் ஏட்டை வாங்கிப் படித்துவிட்டே கறிகாய் வாங்கச் செல்வது வழக்கம். நெடுங்காலமாக ஒரு நாட்டு நாளேடு மறுநாட்டில் விற்பனைக்கு வாராதபடி தடை இருந்து வந்திருக்கிறது. பாலத்தின் நீளம் ஒரு மைலுக்கும் குறைவு. அதன் மீது கோழி முட்டையும் மணலும் தண்ணீரும் ஆளும் வந்தும் போயும் இருந்திருக்க, செய்தித்தாள் மட்டும் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று யோசித்த நாள் முதலாக இக்கேள்வி நம்மை விட்டபாடில்லை.

ஆகவே இக்கட்டுரையில் ஒரு சொற்பொழிவை எடுத்துக்கொண்டு, அதன் வாதம் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க விரும்புகிறோம்.

பேச்சும் பேசியவரும்

1971 ஜூன் 9ஆம் நாள், பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில், உலகப் பத்திரிகாசிரியர்கள் கூடிய சர்வதேசப் பத்திரிகைக் கழகத்தின் மாநாட்டில் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் இயூ பேசினார். சபையிலிருந்தோர் பலரும் அவர்மீது சினங்கொண்டிருந்தனர். காரணம் வெளிப்படை. அதற்கு முந்திய ஆறு வாரத்துக்குள் சிங்கப்பூரில் மூன்று ஏடுகள் அடிபட்டிருந்தன. மே 2ஆம் நாள் சீன நாளேடான நன்யாங் சியாங் பாவைச் சேர்ந்த நால்வர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பிடிக்கப்பட்டனர். அயல்நாட்டுக் கம்யூனிஸ்டுப் பணம் பெற்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஈஸ்டர்ன் சன், மே நடுவில் நின்றது. சிங்கப்பூர் ஹெரால்டின் உரிமம் மே 28ஆம் நாள் பறிக்கப்பட்டது.

சினங்கொண்ட சபையின் நடுவே நின்று தம் கட்சியைத் தயங்காமல் எடுத்துரைத்த துணிவை நாம் மெச்சாமல் இருத்தற்கியலாது. அப்பேச்சு நன்கு கட்டப்பட்ட பேச்சு. அதன் சாரம் இது: புதிதாகப் பிறந்த நாடு பல மொழியும் பல சமயமும் கலந்த நாடு, அங்கே ஓர் ஏட்டின் ஒரு பக்கம் ஊரைக் கொளுத்திவிடக்கூடும், ஆதலால் பத்திரிகைச் சுதந்திரம் நாட்டின் ஒருமைப்பாட்டுக்கும், மக்கள் தேர்ந்தெடுத்த அரசாங்கத்தின் தலையாய நோக்கத்துக்கும் அடங்கியதாகவே இருத்தல் வேண்டும். இதற்கு அவர் வெறுங் கொள்கையைக் காட்டவில்லை. இரண்டு கலகங்களைக் காட்டினார். ஒன்று 1950, மற்றொன்று 1964.

பேசியவர் பத்திரிகையின் பகைவராகப் பிறந்தவருமல்லர். 1954இல் மலாயாப் பல்கலைக்கழக மாணவர் எண்மர், தாம் நடத்திய ‘பஜார்’ என்னும் இதழின் தலையங்கத்துக்காக இராஜத்துரோகக் குற்றஞ்சாட்டப்பட்டு நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். அவர்களுக்காக வாதாட இங்கிலாந்திலிருந்து டி.என்.பிரிட் வந்தார், அவருக்குத் துணை நின்ற இளம் வழக்கறிஞர் இதே லீ குவான் இயூ. மாணவர்கள் விடுதலையாயினர். அவர் அமைச்சரவையில் இருந்த எஸ்.இராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்தவர். பேனாவினாலேயே பெயர்பெற்ற பத்திரிகையாளர். நாட்டின் முதற் குடியரசுத் தலைவர் யூசோப் இஷாக்கோ, உத்துசான் மெலாயு என்னும் மலாய் ஏட்டை 1939இல் தொடங்கி நடத்திய ஆசிரியர். பேனாவின் வலிமையை இவர்கள் அறிந்திருந்தனர். அறிந்தோர் கூறும் வாதமாதலின் அதை எளிதாகத் தள்ளிவிடலாகாது. சான்றைச் சான்றாகவே எடுத்து எடைபோட வேண்டும்.

முதற் சான்று: 1950

கதை பெரும்பாலோர் அறிந்ததே. டச்சுப் பெற்றோருக்கு ஜாவாவில் பிறந்த மேரியா ஹெர்டோக் என்னும் பெண் குழந்தை, சப்பானியர் காலத்துக் குழப்பத்தில் செ அமினா என்னும் முஸ்லிம் மாதினிடம் நத்ரா என்ற பெயரோடு வளர்ந்தாள். போருக்குப் பின் பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 1950 டிசம்பர் 2ஆம் நாள் சிங்கப்பூர் நீதிமன்றம் பெண்ணைப் பெற்றவளிடம் ஒப்புவிக்கத் தீர்ப்பளித்தது. அவள் செய்துகொண்ட முஸ்லிம் திருமணமும் செல்லாதென்றது. மேல் விசாரணை வரும்வரை அவளை ஒரு கன்னிமாடத்தில் வைத்தனர். அங்கே பத்திரிகைக்காரர் நுழைந்தனர். கன்னி மேரியின் சிலை முன் அவள் மண்டியிட்டாள் என்று ஆங்கில ஏடு எழுதிற்று. கன்னியாஸ்திரீகளின் நடுவே அவள் இருந்த படங்கள் வெளியாயின. அவள் அழும் படத்தை மலாய் ஏடும் வெளியிட்டது. டிசம்பர் 11ஆம் நாள் பாடாங்கின் அருகே நீதிமன்ற வாயிலில் தொடங்கிய கலகம் மூன்று நாள் நீடித்தது. 18 பேர் மாண்டனர். 173 பேர் காயமுற்றனர்.

இதில் தமிழருக்கும் பங்குண்டு என்பதை மறைக்கலாகாது. தமிழரும் பத்திரிகாசிரியருமான எம்.ஏ.கரீம் கனி, நத்ராவுக்காக எழுந்த குழுவின் தலைவராயிருந்து, தம் பேச்சாலும் ஏட்டாலும் அக்கிளர்ச்சியை வளர்த்தார். கலகத்துக்குப் பின் சிறைப்படுத்தப்பட்டார்.

பத்திரிகை தவறிற்றா? தவறிற்று. ஒரு பதின்மூன்று வயதுச் சிறுமியின் கண்ணீரைப் படம்பிடித்து விற்றதைச் சுதந்திரம் என்று போற்றுவோர் சுதந்திரத்துக்கே இழிவு தேடுகின்றனர். இம்மட்டில் ஹெல்சிங்கிப் பேச்சு கூறியது முற்றிலும் உண்மை.

ஆனால் வழக்கு இத்துடன் முடியவில்லை. 1950இல் சிங்கப்பூர்ப் பத்திரிகைகள் கட்டற்றுத் திரிந்தனவா? இல்லை. அச்சகம் வைப்பதற்கு உரிமம் வேண்டும் என்னும் சட்டம் 1920 முதலே இருந்தது. இராஜத்துரோகச் சட்டம் இருந்தது. 1948 ஜூனில் பிறந்த அவசரகாலச் சட்டமும் நடப்பிலிருந்தது. யாரையும் விசாரணையின்றிச் சிறை வைக்கும் அதிகாரம் கவர்னரின் கையிலிருந்தது. இத்தனை கயிறும் இருந்தபோதுதான் அந்தப் படங்கள் வெளியாயின. கயிறுகள் ஏன் இழுக்கப்படவில்லை? ஆள்வோரை எதிர்க்கும் எழுத்தைப் பிடிக்கவே அவை முறுக்கப்பட்டிருந்தன. ஒரு சிறுமியையும் ஒரு சமயத்தாரின் உள்ளத்தையும் புண்படுத்தும் எழுத்து அக்கயிற்றில் அகப்படவில்லை. அதனால் கவர்னருக்கு நோவில்லை அல்லவா? மேலும், பின்னர் நடந்த விசாரணைக் கமிஷன் பத்திரிகையை மட்டும் பார்த்து நின்றுவிடவில்லை. போலீஸ் தலைமையின் தடுமாற்றத்தையும் கண்டித்தது.

ஆகவே முதற் சான்று காட்டுவதாவது: பத்திரிகை பொறுப்பின்றி நடந்தால் உயிர் போகும் என்பது உண்மை, ஆள்வோர் கையில் உரிமத்தைக் கொடுத்துவிட்டால் அப்பொறுப்பு வந்துவிடும் என்பதை அது காட்டவில்லை.

இரண்டாம் சான்று: 1964

1964 ஜூலை 21ஆம் நாள் நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மலாய்க்காரருக்கும் சீனருக்கும் கலகம் மூண்டது. 23 பேர் மாண்டனர். 454 பேர் காயமுற்றனர். சிங்கப்பூர் அப்போது மலேசியாவில் ஒரு மாநிலம். கலகத்தின் காரணம் பற்றிக் கோலாலம்பூர் வேறு விதமாகவும் சிங்கப்பூர் வேறு விதமாகவும் கூறின. சிங்கப்பூரில் மலாய்க்காரர் நசுக்கப்படுகின்றனர் என்று வாரக்கணக்காக எழுதிவந்த ஒரு மலாய் ஏடே தீ மூட்டியது என்பது லீ குவான் இயூவின் குற்றச்சாட்டு. அவர் சுட்டிய ஏடு உத்துசான் மெலாயு. அவ்வேடு அவ்வாறு எழுதிவந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

இங்கேதான் வாசகர்கள் சற்று நிதானிக்க வேண்டும். அந்த ஏடு 1964இல் யாருடையது?

யூசோப் இஷாக் தொடங்கிய காலத்தில் அது மலாய்ச் சிறுமுதலாளரும் தொழிலாளரும் விவசாயிகளும் சேர்த்த காசில் நடந்த ஏடு. பிற்காலத்தில் அதன் பங்குகள் ஆளுங் கட்சியான அம்னோவின் கைக்குச் சென்றன. யூசோப் இஷாக் 1959இல் விலகினார். 1961 ஜூலையில் கட்சி தன் ஆளை ஆசிரியபீடத்தில் அமர்த்த முனைந்தபோது, ஆசிரியர் சையித் சஹாரியின் தலைமையில் ஏட்டின் ஊழியர்கள் வேலைநிறுத்தஞ் செய்தனர். என்ன எழுதுவது என்பதை ஏட்டின் ஆசிரியர் முடிவு செய்ய வேண்டும், கட்சி முடிவு செய்யலாகாது என்பதே அவர்கள் வழக்கு. கூலி உயர்வு கேட்டு நடந்த நிறுத்தமன்று அது. 93 நாள் நின்றார்கள்; தோற்றார்கள். சையித் சஹாரி மலாயாவுக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டார். 1963 பிப்ரவரியில் சிங்கப்பூரில் சிறைப்பட்டார்; விசாரணையின்றிப் பதினேழு ஆண்டு கழித்து 1979இல் வெளிவந்தார்.

ஏட்டின் சுதந்திரத்துக்காகப் போராடியவர்கள் 1961இல் வெளியேற்றப்பட்டனர். மூன்றாண்டு கழித்து அதே ஏடு கலகத்துக்குக் காரணமென்று சுட்டப்பட்டது. ஹெல்சிங்கியில் இந்த இரண்டாம் பாதி சொல்லப்பட்டது. முதற் பாதி சொல்லப்படவில்லை. சொல்லப்பட்டிருந்தால் சான்று தலைகீழாகியிருக்கும். 1964இன் பொய்யை எழுதியது தன் சுதந்திரத்தை ஒரு கட்சியிடம் இழந்துவிட்ட ஏடு. அது தன் எசமானுக்கு மிகவும் பொறுப்பாகத்தான் நடந்துகொண்டது!

யூசோப் இஷாக்கின் முகம் இன்று சிங்கப்பூர் நாணயத்தாள்களில் இருக்கிறது. தேக்காவில் வெற்றிலைக்கும் மீனுக்கும் நாம் எடுத்து நீட்டும் தாளில் இருப்பவர் ஒரு பத்திரிகாசிரியர் என்பதை எத்தனை பேர் எண்ணியிருப்போம்?

சட்டத்தின் வேலை

ஹெல்சிங்கியில் சொல்லானது 1974இல் சட்டமாயிற்று. ‘பத்திரிகைகள், அச்சகங்கள் சட்டம்’ என்பது அதன் பெயர். அச்சட்டம் செய்தியைத் தணிக்கை செய்யவில்லை. ஒவ்வொரு நாளும் சிவப்பு மையோடு ஓர் அதிகாரி வந்து உட்காரவில்லை. அதைவிட நுட்பமான வேலை நடந்தது. ஏடு நடத்தும் கம்பெனியில் ‘நிர்வாகப் பங்கு’ என ஒரு தனிவகைப் பங்கு உண்டாக்கப்பட்டது. இயக்குநரையோ ஊழியரையோ நியமிக்கும், நீக்கும் தீர்மானங்களில் அப்பங்கு ஒன்றுக்குச் சாதாரணப் பங்கு 200க்குரிய வாக்கு. அமைச்சரின் ஒப்புதல் பெற்றவரே அப்பங்கை வைத்திருக்கலாம். உரிமமும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும்.

தனி முதலாளி ஒருவன் தன் பணத்தால் ஏட்டை வாங்கி ஊரைக் கெடுக்கலாகாது என்பது இதற்குக் கூறப்பட்ட நியாயம். அயல்நாட்டுப் பணம் நுழையலாகாது என்பது மற்றொன்று. இரண்டும் பொய்யான அச்சமல்ல. ஆனால் தோட்டத்தில் வேலை பார்த்தவனுக்கு இந்த ஏற்பாட்டின் உட்பொருள் சொல்லாமலே விளங்கும். மண்டோரை நியமிப்பவர் யார், நீக்குபவர் யார் என்று தெரிந்துவிட்டால், அவன் யாருடைய முகத்தைப் பார்த்துப் பேசுவான் என்பதற்கு வேறு சட்டம் வேண்டுவதில்லை.

இவ்வேற்பாட்டினால் ஒரு நன்மையும் விளையவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. சமயத்தையும் இனத்தையும் பழித்தெழுதும் வழக்கம் அச்சேட்டில் ஒழிந்தது. நான்கு மொழியிலும் நாளேடுகள் நிலைத்தன. பணநட்டத்தால் மறைந்திருக்கக்கூடிய தமிழ் ஏடும் அவற்றுள் ஒன்று. ஆயினும் உண்மைக்குப் பொறுப்பு வந்ததா? அவ்வேடுகளை நடத்தும் நிறுவனம் 2021இல் இலாபநோக்கற்ற அமைப்பாக மாற்றப்பட்டது. 2022இல் ஐந்தாண்டுக்கு ஆண்டுதோறும் 18 கோடி வெள்ளி வரை பொதுப்பணம் அதற்கு அறிவிக்கப்பட்டது. 2023 ஜனவரியில், முந்திய ஆண்டுகளில் அவ்வேடுகளின் விற்பனைத் தொகை உள்ளதைவிட மிகுத்துக் காட்டப்பட்டிருந்தது வெளியாயிற்று. செய்தி முதலில் கசிந்தது நாளேடுகளின் வழியாக அன்று, ஓர் இணையத்தளத்தின் வழியாக. பத்திரிகையைக் காவல் காக்கப் பிறந்த சட்டம் அதன் கணக்கைக் காக்கவில்லை!

நமது ஏடுகள்

இனி நம் வீட்டுக்கு வருவோம். தமிழில் ‘பொறுப்பு’ என்பது எப்படி இருந்தது?

1935 ஜூலை 6ஆம் நாள், தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் ஏடாகத் தமிழ் முரசு சிங்கப்பூரில் பிறந்தது. வார ஏடு, விலை ஒரு காசு. பிறகு அதைத் தம் கைக்கொண்டு நாளேடாக வளர்த்தவர் கோ.சாரங்கபாணி. அக்காலத்துத் தோட்டங்களில் ஓர் ஏட்டை ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் சூழ்ந்திருந்து கேட்பர். சாதியையும் கள்ளையும் கண்டித்தெழுதிய ஏட்டை, கள்ளுக்கடைக்குச் செல்லும் வழியில் நின்று கேட்டவர்களும் உண்டு என்று நம் பாட்டனார் கூறுவார். வாசகன் விரும்புவதை எழுதுவது வேறு, வாசகனுக்கு வேண்டுவதை எழுதுவது வேறு. முரசு இரண்டாவதைச் செய்தது. அதனால் வாசகனை இழந்துவிடவுமில்லை. 1950களில் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளுங்கள் என்று விடாமல் எழுதிற்று. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறையில் வடமொழியா தமிழா என்ற வழக்கு எழுந்தபோது, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டிற்று. ஆளுக்கு ஒரு வெள்ளி என்று கேட்டது. தோட்டத்துக் கூலிகளும் நகரத்துச் சிப்பந்திகளும் கொடுத்தனர். 1956இல் அத்துறை தமிழோடு தொடங்கிற்று. பொறுப்பு என்பதற்கு இதைவிட நல்ல இலக்கணம் நமக்குத் தெரியாது. எந்த அமைச்சரும் அதற்கு உரிமம் கொடுத்துக் கட்டளையிடவில்லை.

இன்னொன்றும் நினைவிலிருத்தத் தக்கது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தஞ் செய்தனர். அவர்களை ஒன்றுசேர்த்தவருள் முதல்வர் ஆர்.எச்.நாதன், தமிழ் நேசன் நாளேட்டில் உதவியாசிரியராயிருந்தவர். சம ஊதியம், பிள்ளைகளுக்குப் பள்ளி, கள்ளுக்கடை ஒழிப்பு ஆகிய கோரிக்கைகளோடு மற்றொன்றும் இருந்தது: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. மே மாதம் நாதன் பிடிக்கப்பட்டு இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். நிறுத்தம் பட்டாளத்தின் துப்பாக்கியால் அடங்கிற்று. தொழிலாளர் சிலர் சுடப்பட்டு மாண்டனர். நாதன் செய்தது அன்றைய சர்க்காரின் அகராதியில் பொறுப்பின்மை. யாருக்காகச் சைக்கிளிலிருந்து இறங்கினார்களோ அந்தக் கிராணி வர்க்கத்தில் பிறந்த நாம் இன்று அதைப் படிக்கும்போது வெட்கப்படுகிறோம்.

விரைவிலேயே சப்பானியர் வந்தனர். தோட்டத்துத் தமிழர் பல்லாயிரவர் சயாம் மரண இரயில் பாதைக்கு ஏற்றிச் செல்லப்பட்டு அங்கேயே மடிந்தனர். சப்பானியர் காலத்திலும் இந்நகரில் செய்தித்தாள்கள் வந்துகொண்டுதான் இருந்தன. அவற்றில் ஒழுங்குக்குக் குறைவில்லை. அச்சாவுகளைச் சொல்ல மட்டும் அவற்றுள் இடமில்லை. போனவர்கள் திரும்பாததைக் கண்டே லயத்துப் பெண்கள் தாலியைக் கழற்றினர்.

எச்சரிக்கை

ஏழைக்குப் பத்திரிகையால் ஆகும் நன்மை புகழ்ச்சியில் இல்லை; எச்சரிக்கையில் இருக்கிறது. 1943இல் வங்காளத்தில் பஞ்சத்தால் இலட்சோபலட்சம் பேர் செத்தபோது, பஞ்சம் என்பதை ஒப்பாத சர்க்காரின் முன்னே, கல்கத்தாவின் ஆங்கிலேயர் ஏடான ஸ்டேட்ஸ்மன் ஆகஸ்டு 22ஆம் நாள் தெருவில் கிடந்தோரின் படங்களை வெளியிட்டது. ஆசிரியர் அயன் ஸ்டீபன்ஸ். அதன் பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. சுதந்திரப் பத்திரிகை உள்ள மக்களாட்சியில் பெரும் பஞ்சம் நேருவதில்லை என்று பொருளறிஞர் அமர்த்திய சென் பிற்காலத்தில் கூறியதற்கு இதுவும் ஒரு வேர்.

1950இலும் படம், 1943இலும் படம். முன்னது ஒரு சிறுமியின் துயரை விற்றது. பின்னது ஒரு மக்களின் துயரைக் காட்டி உதவி தேடிற்று. இவ்வேற்றுமையை எந்த உரிமச் சட்டமும் கண்டறிந்து கொடுக்காது. ஆசிரியனின் மனச்சாட்சியும் வாசகனின் கண்டிப்புமே கண்டறியும்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2020 மார்ச் 23ஆம் நாள், ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸ் ஏட்டின் வாசகர் கடிதப் பகுதியில், டி.டபிள்யூ.சி.2 என்னும் தொழிலாளர் நல அமைப்பின் கடிதமொன்று வந்தது. விடுதிகளில் ஓரறைக்குப் பன்னிரண்டு முதல் இருபது பேர் வரை அடைத்து வைக்கப்பட்டிருக்கின்றனர், கொரோனா அங்கே நுழைந்தால் தடுக்க இயலாது என்று அது எச்சரித்தது. சில வாரத்துக்குள் அப்படியே நடந்தது. ஆண்டின் இறுதியில் விடுதித் தொழிலாளருள் நூற்றுக்கு 47 பேருக்கு அந்நோய் வந்திருந்ததாக அரசாங்கமே அறிவித்தது. அவர்களுள் பெருந்தொகையினர் தமிழர். ஞாயிறுதோறும் தேக்காவில் நம் தோளோடு தோள் உரசிச் சென்றவர்கள்.

கடிதத்தை வெளியிட்ட ஏட்டை நாம் பாராட்டுகிறோம். ஆனால் அது ஏன் கடிதமாக மட்டும் வந்தது? முதற்பக்கச் செய்தியாக, அறையின் அளவும் கட்டிலின் எண்ணிக்கையுமாக, பல ஆண்டுகளுக்கு முன்னரே நாள்தோறும் ஏன் உறைக்கவில்லை? அதைத் தடுக்கும் சட்டம் ஏதுமில்லை. நியமிப்பவரின் முகத்தைப் பார்த்துப் பழகிய பேனாவுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தானாகவே தெரிந்துவிடுகிறது.

நாம் எழுதிய பொய்

பிறரைக் கேட்ட கேள்வியை நம்மிடமும் கேட்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், லயத்துக்கு வரும் குழாய்த் தண்ணீர் மழைக்குப் பின் செம்மண் நிறமாயிற்று. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. ஒரு கிழவி நம் மேசை முன் ஒரு போத்தலில் அத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்து, “தம்பி, நீ படிச்ச புள்ள, பேப்பருக்கு எழுதிப் போடுய்யா” என்றாள். நாம் மேலாளரிடம் சென்றோம். அவர் சினக்கவில்லை, அமைதியாகவே, “நீர் பொறுப்புள்ள ஆள், தோட்டத்தின் பெயரைக் கெடுக்க மாட்டீர்” என்றார். அந்த மாத அறிக்கையில் தொழிலாளர் குறை என்னும் பத்தியில் ‘ஏதுமில்லை’ என்று நாமே எழுதினோம். நம்மை யாரும் மிரட்டவில்லை. பொறுப்பு என்ற ஒரு சொல்லே போதுமாயிருந்தது.

போத்தல் நம் மேசையில் இரண்டு வாரம் இருந்தது. மண் அடியில் தங்கி, மேலே தண்ணீர் தெளிந்துவிட்டது. அதைக் காட்டி, தண்ணீர் நன்றாகத்தானே இருக்கிறது என்று ஒருவர் சொன்னபோதுதான் நமக்கு உறைத்தது. அன்றிரவு ஓர் ஏட்டுக்குக் கடிதம் எழுதினோம். தோட்டத்தின் பெயரும் தண்ணீரின் நிறமும் நீங்கலாக, ‘தோட்டப்புறங்களில் சுகாதாரம் பேணுதல்’ என்ற தலைப்பில் ஆறு வரி வெளிவந்தது. அந்த ஆசிரியரும் யாருக்கோ பொறுப்பாயிருந்தார் போலும்! நாம் அவரைக் குறைகூறத் தகுதியுடையோம் அல்லோம். ‘ஏதுமில்லை’ என்று முதலில் எழுதிய கை நம்முடையது.

ஹெல்சிங்கிச் சொற்பொழிவை நாம் முதன்முறை படித்தபோது அதன் வாதம் இனிதாயிருந்தது. இரண்டாம் முறை படித்தபோது அக்குரலை எங்கோ கேட்டதாகத் தோன்றிற்று. மேலாளரின் குரல் அது. கலகத்தைப் பற்றிய அச்சம் மெய்யே, தோட்டத்தின் பெயர் கெடும் என்ற அச்சமும் மெய்யே. ஆனால் அவ்வச்சங்களைக் காட்டி, பொறுப்பு என்னும் சொல்லை மேலே இருப்பவருக்கு மட்டும் உரித்தாக்கிவிட்டால், கீழே இருப்பவனுக்கு எஞ்சுவது செம்மண் தண்ணீர்.

செய்ய வேண்டியது

ஆகவே நாம் கூறுவது இது. பொய்யெழுதும் ஏட்டைத் தண்டிக்கச் சட்டம் இருக்கட்டும். இன வெறியைத் தூண்டுவோனை நீதிமன்றத்தில், வெளிப்படையான விசாரணையில் நிறுத்தட்டும். 1954இல் மாணவர்களுக்குக் கிடைத்தது அது. 1963இலும் 1971இலும் சிறைப்பட்ட பத்திரிகையாளருக்குக் கிடைக்காததும் அதுவே. ஆசிரியரை நியமிக்கும் உரிமையும் நீக்கும் உரிமையும் மட்டும் ஆள்வோர் கையில் இருத்தலாகாது. ஒரு கட்சியின் கையிலும் இருத்தலாகாது.

பத்திரிகைகளுக்கு ஒரு சொல்: முதற்பக்கத்தில் செய்த தவற்றை முதற்பக்கத்திலேயே திருத்துங்கள். ஏழையின் கடிதத்தில் பெயரையும் நிறத்தையும் வெட்டாதீர்கள்.

வாசகர்களுக்கு ஒரு சொல்: இன்று நம் தோட்டத்தில் ஏட்டைச் சூழ்ந்து உட்காருவோர் இல்லை. கைப்பேசியில் வந்ததைப் படிக்காமலே பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். 1950இல் பத்திரிகைக்காரன் செய்த பிழையை இன்று ஒவ்வொருவரும் நாளுக்குப் பத்துமுறை செய்யும் வசதி பெற்றிருக்கிறோம். அனுப்புவதற்கு முன், இது மெய்யா, இதனால் புண்படுவோர் யார் என்று ஒரு கணம் எண்ணுங்கள். இலவசமாக வருவதைப் படித்துக்கொண்டு, உண்மை எழுதும் ஏடு இல்லையே என்று வருந்துவதில் பயனில்லை. அன்று கூலி ஒரு காசு கொடுத்துத்தான் முரசை வாங்கினான். தன் வியர்வையில் ஒரு வெள்ளி எடுத்துத்தான் தமிழுக்குக் கொடுத்தான். காசு கொடுத்தவனுக்கே கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. நாம் கேளாத கணக்கை வேறொருவர் கேட்டு வாங்கிக்கொள்கிறார். பிறகு ஏடு அவருக்குப் பொறுப்பாகிவிடுகிறது.

நம்மைப் பொறுத்த மட்டில், இப்போது வேலை பார்க்கும் தோட்டத்தில் மாத அறிக்கை எழுதும் நாள் அடுத்த வெள்ளிக்கிழமை. குறை என்னும் பத்தியில் இம்முறை நான்கு வரி இருக்கும். அவற்றின்கீழ் நம் பெயரும் இருக்கும்.